உங்களுக்குத் தெரியுமா? தோல் காக்கும் கனல்

● ‘அழற்சி’ என்ற சொல்லின் வேர் ‘அழல்’. அழல் என்றால் தீ. தோல் சிவந்து, வீங்கி, காந்தும்போது உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போலத்தானே இருக்கிறது! முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. வீக்கத்துக்கு அவர் போட்ட லத்தீன் சொல் ‘டியூமர்’. இன்று அந்தச் சொல் காதில் விழுந்தாலே புற்றுக்கட்டி என்று நெஞ்சு பதறுகிறது. நாள்பட்ட அழற்சி இருந்த இடத்தில்தான் புற்று முளைக்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் வீர்கோ எடுத்துச் சொன்னது 1863-இல்.

● தோலுக்கு இரட்டைக் காவல் உண்டு. ஒரு காவல், வந்த கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்து, மறுமுறை வரும்போது அடிக்கும். தடுப்பூசி பலிப்பது இதை நம்பித்தான். இன்னொரு காவல் பிறக்கும்போதே கூட வருவது. அதற்கு எந்தக் கிருமியையும் முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வந்தது வெளியாள் என்று தெரிந்தால் போதும், உடனே பாயும். இதைப் பிறவி எதிர்ப்புச் சக்தி என்போம். கடுமையான தோல் அழற்சியும் தோல் புற்றும் வந்தவர்களிடம் இந்தக் காவல் எப்படிப் பிசகுகிறது என்பதுதான் இந்த வாரச் செய்தி.

● 1882-ஆம் ஆண்டின் கடைசி. இத்தாலியின் மெசினா நகரம். ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். தனியாக இருந்தவர், கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளில் தோட்டத்து ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். அன்றிரவு அவருக்குத் தூக்கமே இல்லை. விடிந்து பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவந்து சீழ் கோக்குமே, அதே கதைதான். பிறவி எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய அறிவியல் அந்த முள்முனையில் தொடங்கியது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

● மேல்தோலின் மேற்படலம் செத்த செல்களால் ஆனது. செத்தவைதானே என்று தள்ளிவிடக் கூடாது. செங்கல் அடுக்கி நடுவில் கொழுப்புச் சாந்து பூசிய சுவர் அது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதன் மேல் லேசான புளிப்பு, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. 1928-இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மன் மருத்துவர்கள் இதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயர் வைத்தார்கள். நாம் தேய்த்துக் குளிக்கும் கட்டி சோப்பு பெரும்பாலும் காரம், பி.எச். 9, 10 இருக்கும். கரப்பான் வந்த குழந்தைக்கு நுரை பொங்கச் சோப்புப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்வது இதனால்தான்.

● தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் நான்கு வாரம் எடுக்கும். சோரியாசிஸ் வந்த இடத்தில் அதே வேலை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சுவர் கட்டி முடியுமுன்னே அடுத்த வரிசை ஏறிக்கொண்டால் என்ன ஆகும்? செதில் செதிலாக உதிரும்.

● என் பெரியப்பாவுக்குச் சோரியாசிஸ். வீட்டில் மற்றவர்கள் கண் விழிக்குமுன் எழுந்து, பாயை வாசலுக்குக் கொண்டுபோய் உதறுவார். படுத்த இடத்தைத் தாமே பெருக்குவார். முறத்தில் வெள்ளியாகச் செதில்கள் மினுங்கும், காக்காப்பொன் துணுக்குப் போல. யாரும் பார்ப்பதற்குள் அதைக் குப்பையில் கொட்டிவிடுவார்.

அந்தச் செதிலைத்தான் ஜெர்மனியின் கீல் நகரில் யூர்கன் ஹார்டர், யென்ஸ்-மிக்கேல் ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள் பொக்கிஷம் போலச் சேர்த்தார்கள். வெடித்தும் உரிந்தும் கிடக்கிற இந்தத் தோலில் ஏன் கிருமித் தொற்று இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பது நெடுநாள் கேள்வி. செதிலிலிருந்து சாறு எடுத்து, ஈ.கோலை பாக்டீரியாவை ஒட்டவைத்த ஒரு குழாய் வழியே அதை ஓடவிட்டார்கள். மற்றதெல்லாம் வழிந்து போக, ஒரு சின்னப் புரதம் மட்டும் பாக்டீரியாவை விடாமல் பற்றிக்கொண்டு நின்றது. அதுதான் பீட்டா-டிஃபென்சின்-2. மனிதத் தோல் தானே காய்ச்சி எடுக்கும் ஆண்டிபயாடிக். 1997-இல் ‘நேச்சர்’ இதழில் செய்தி வெளியானது. பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவர் வெட்கப்பட்டுப் பெருக்கித் தள்ளியது என்ன என்று அவருக்குச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

● சோரியாசிஸ் தொட்டால் ஒட்டாது. அவர் உட்கார்ந்த நாற்காலி, குடித்த டம்ளர், உடுத்திய வேட்டி எதிலிருந்தும் ஒட்டாது.

● கழிப்பறைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஈ.கோலை நம் தோலில் படுகிறது. ஆனாலும் அது தோலில் புண் உண்டாக்குவது அபூர்வம். காரணம் ‘சோரியாசின்’ என்ற புரதம். 1991-இல் சோரியாசிஸ் தோலில் கண்டெடுத்ததால் இந்தப் பெயர். பாக்டீரியாவுக்குத் தேவையான துத்தநாகத்தை அது பறித்துப் பட்டினி போட்டுக் கொல்கிறது என்று 2005-இல் அதே கீல் நகரத்துக் குழு காட்டியது.

● வியர்வையிலும் மருந்து இருக்கிறது. டெர்ம்சிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை வியர்வைச் சுரப்பியே சுரக்கிறது. 2001-இல் ட்யூபிங்கன் நகர ஆய்வாளர்கள் கண்டது. எக்ஸிமா என்னும் கரப்பான் உள்ளவர்களின் வியர்வையில் இது குறைவு.

● சோரியாசிஸ், எக்ஸிமா இரண்டும் சிவக்கும், அரிக்கும், உரியும். பார்வைக்கு அக்கா தங்கை போல. ஆனால் 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தபோது, சோரியாசிஸ் தோலில் டிஃபென்சினும் எல்.எல்.-37 என்ற இன்னொரு கிருமிக்கொல்லிப் புரதமும் ஏராளம். எக்ஸிமா தோலில் அவை மிகச் சொற்பம். ஒரு வீட்டில் காவலாளி கூட்டம் நெரிகிறது, இன்னொரு வீட்டில் ஆளே இல்லை. எக்ஸிமா நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேரின் புண்களில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற சீழ்க்கிருமி குடியிருக்கிறது. அது கக்கும் நச்சு அரிப்பைக் கூட்டும், அரித்தால் சொறிவார்கள், சொறிந்தால் தோல் கிழியும், கிழிசலில் கிருமி இன்னும் பெருகும்.

● எக்ஸிமா குழந்தையை, உதட்டில் அக்கிக் கொப்புளம் உள்ள பெரியவர்கள் ஆசையாக முத்தம் கொடுத்துவிடக் கூடாது. நமக்கு ஓர் ஓரத்தில் வந்து போகும் ஹெர்ப்பிஸ் வைரஸ், காவல் குறைந்த அந்தத் தோலில் முகம் முழுக்கப் பரவிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். 1887-இல் வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி எழுதிவைத்த நோய் இது. ஒரே அளவில், நடுவில் குழி விழுந்த கொப்புளங்கள் திடீரென்று கொத்துக் கொத்தாக வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியம்மைத் தடுப்பூசியின் வைரஸுக்கும் இதே பாதை திறந்திருந்தது. எக்ஸிமா உள்ளவர்களுக்கு அந்த ஊசி கூடாது என்று விதி வைத்ததன் காரணம் அதுதான்.

● ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவரிடம் 1870களில் வந்த ஒரு சோரியாசிஸ் நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்தில் சோரியாசிஸ் வந்தது. பச்சை குத்திய கோட்டிலும் வந்தது. காயம் பட்ட இடத்தையெல்லாம் நோய் ஏன் தேடி வருகிறது? விடையின் ஒரு பகுதி 2007-இல் கிடைத்தது. தோல் கிழியும்போது சாகும் செல்களிலிருந்து டி.என்.ஏ. கசியும். சாதாரணமாக உடம்பு அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் எல்.எல்.-37 அந்த டி.என்.ஏ.வைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காவல் செல்லுக்குள் நுழைகிறது. செல் அதை வைரஸ் என்று நம்பி அபாயச் சங்கு ஊதிவிடுகிறது. கிருமியைக் கொல்லப் பிறந்த புரதம், வீட்டுக்காரனையே திருடன் என்று காட்டிக்கொடுக்கிறது.

● சீழ் என்றால் கிருமி என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். கொப்புளச் சோரியாசிஸ் என்ற கொடிய வகையில், ஓரிரு நாளில் உடம்பெங்கும் சிவந்து, ஊசிமுனைச் சீழ்க்கொப்புளங்கள் ஆயிரக்கணக்கில் எழும்பும். கொப்புளங்கள் ஒன்றோடொன்று கூடிச் சீழ்க் குளமாகும். கடுங்காய்ச்சல், நடுக்கம். வெள்ளையணுக்கள் தாறுமாறாக ஏறும். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வரும். ஒரு கிருமிகூட இல்லை! லியோ ஃபான் சும்புஷ் என்ற மருத்துவர் 1910-இல் விவரித்த இந்த நோய்க்கு நூறாண்டு கழித்து, 2011-இல்தான் ஒரு சாவி கிடைத்தது. துனிசியாவில் ஒன்பது குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், இன்டர்லூகின்-36 என்ற அழற்சிச் செய்தியை அடக்கும் கடிவாளப் புரதம் அந்தக் குடும்பத்தாரிடம் பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். எதிரி யாருமில்லை, கடிவாளம் அறுந்ததால் குதிரை ஓடுகிறது. அதே செய்தியைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் என்ற ஊசிமருந்து 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரணச் சோரியாசிஸ் உள்ளவர் யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு, பிறகு சட்டென்று நிறுத்தினால், இந்தக் கொப்புள வகை கிளம்பக்கூடும். உயிரோடு விளையாடும் விஷயம்.

● இதற்கு நேரெதிராக, சூடே இல்லாத கட்டி ஒன்று உண்டு. தொட்டால் குளிர்ந்திருக்கும், சிவக்காது, வலிக்காது. கீறினால் சீழ் கொட்டும். 1966-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர்கள், விவிலியத்தில் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொப்புளத்தால் வதைபட்ட யோபுவின் பெயரை நோய்க்கு வைத்தார்கள். மரபணுப் பழுதால் அழற்சித் தீயே சரியாக மூளாத உடம்பு இது.

● சோரியாசிஸுக்கு இன்டர்லூகின்-17 என்ற அழற்சிச் செய்தியைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு நாக்கில் வெள்ளை படரும். கேண்டிடா என்ற பூஞ்சை அது. அந்தப் பூஞ்சையை இத்தனை காலம் அடக்கிவைத்திருந்ததே இன்டர்லூகின்-17தான்.

● இதே போல, டி.என்.எஃப். என்ற அழற்சிச் செய்தியைத் தடுக்கும் ஊசி. 2001-இல் அந்த வகை ஊசியான இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். நுரையீரலில் காசக்கிருமியைச் சிறைவைத்துச் சுற்றுச்சுவர் எழுப்புவது டி.என்.எஃப். சுவரை இடித்தால் கைதி வெளியே வருவான். காசக்கிருமி உறங்கிக்கொண்டிருக்கும் உடம்புகள் கோடிக்கணக்கில் உள்ள நம் நாட்டில், ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்டால் ‘எதுக்கு வீண் செலவு’ என்று மறுக்க வேண்டாம்.

● ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்ற பெயரைக் கேட்டால் பூஞ்சை நோய் என்று தோன்றும். பூஞ்சையே இல்லை. தோலில் குடியேறும் டி-செல்களின் புற்று. 1806-இல் பாரிஸின் மருத்துவர் அலிபேர் முதலில் விவரித்தார். கட்டிகள் காளான் போல இருந்ததால் பிறகு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் சாதாரண எக்ஸிமா போல, வெயில் படாத இடுப்பிலும் தொடையிலும் சிவப்புத் திட்டாகப் படுத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் களிம்பு மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருப்பார்கள். குணமாகாத திட்டு என்றால் சிறிது தோலை எடுத்துப் பயாப்சி பார்க்கச் சொல்வதில் தவறே இல்லை. ஒன்றுக்கு இரண்டு முறைகூடப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த நோயாளிகள் முற்றிய நிலையில் பெரும்பாலும் புற்றால் அல்ல, தொற்றால் இறக்கிறார்கள். தோல் சுவர் ஓட்டை. கிருமிக்கொல்லிப் புரதமோ எக்ஸிமாவில் போலவே குறைவு. அதே ஸ்டஃபைலோகாக்கஸ் உள்ளே வருகிறது. வந்தது சும்மா இருப்பதில்லை. அதன் நச்சு புற்றுச் செல்களையே உசுப்பி வளர்க்கிறது. 2019-இல் டென்மார்க் மருத்துவர்கள், நோய் முற்றிய ஒரு சிறு குழுவுக்குப் பலமான ஆண்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை விரட்டினார்கள். தோலின் நிலை தேறியது. புற்றுச் செல்களின் வேகமும் தணிந்தது. புற்றுக்கு ஆண்டிபயாடிக்கா என்று வியந்து நான் அந்த ஆய்வுக் கட்டுரையை மூன்று முறை படித்தேன்.

● உடம்பின் தோலில் 90 சதவீதத்துக்கு மேல் சிவந்து உரிந்தால் அதற்கு எரித்ரோடெர்மா என்று பெயர். சோரியாசிஸிலும் வரும், எக்ஸிமாவிலும் வரும், மேலே சொன்ன தோல் புற்றிலும் வரும். மே மாத வெயிலிலும் போர்வை கேட்டு நடுங்குவார்கள். சூட்டைப் பிடித்துவைக்கும் சுவர் போய்விட்டது.

● இனி மறுபக்கம். தீ புற்றை எரிக்குமா?

1891 ஜனவரியில் நியூயார்க்கின் இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, எலும்புப் புற்று வந்த 17 வயதுப் பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டே பறிகொடுத்தார். மனம் ஆறாமல் பழைய மருத்துவக் குறிப்பேடுகளைப் புரட்டினார். கழுத்தில் சார்கோமா கட்டியோடு வந்த ஒருவருக்கு, எரிசிபிலஸ் என்ற தோல் தொற்று வந்து, முகம் சிவந்து காய்ச்சல் அடித்து, கட்டி கரைந்துபோனதாக அதில் இருந்தது. கோலி ஏழைகள் வாழும் தெருக்களில் அலைந்து அந்த மனிதரைக் கண்டுபிடித்தே விட்டார். கழுத்தில் தழும்பு, ஆள் நலம். அதற்குப் பிறகு கோலி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியையும், பின்னாளில் கொன்ற கிருமியின் நச்சையும் புற்றுக்கட்டிகளில் ஊசியாகப் போட்டார். சிலர் பிழைத்தார்கள், சிலர் தொற்றில் போனார்கள். சக மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை.

● கோலி ஊசியில் செய்ததை இன்று ஒரு களிம்பு செய்கிறது. இமிக்விமோட். 1997-இல் பாலுறுப்பு மருக்களுக்கு அமெரிக்காவில் ஒப்புதல். 2004-இல் தோலின் மேலோட்டமான அடிச்செல் புற்றுக்கும். எப்படி வேலை செய்கிறது என்பது பிறகுதான் தெளிவானது. வைரஸின் ஆர்.என்.ஏ. வந்தால் மணி அடிக்கும் டி.எல்.ஆர்.-7 என்ற கதவுமணி காவல் செல்களில் இருக்கிறது. வைரஸே இல்லாமல் இந்தக் களிம்பு அந்த மணியை அழுத்துகிறது என்று 2002-இல் ஜப்பானியர் காட்டினார்கள். தடவிய இடம் சில நாளில் சிவக்கும், பொருக்குத் தட்டும், புண்ணாகும். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நோயாளி பயந்துபோவார். ஆனால் அந்தப் புண்தான் புற்றுச் செல்கள் எரிவதன் அடையாளம்.

இதே களிம்பைச் சோரியாசிஸ் உள்ளவருக்குத் தடவினால்? சோரியாசிஸ் கிளம்பும். 2009-இல் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் முதுகை மழித்து நாள்தோறும் இமிக்விமோட் தடவினார்கள். ஒரு வாரத்துக்குள் சிவந்து, தடித்து, செதில் உதிர்ந்தது. இன்று உலகெங்கும் சோரியாசிஸ் மருந்துகளைச் சோதிக்க எலிகளுக்கு அந்த நோயை வரவழைப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஒரே களிம்பு; ஒருவருக்குப் புற்றைத் தீர்க்கிறது, இன்னொருவருக்கு நோயைக் கொண்டுவருகிறது. தோல் அழற்சியையும் தோல் புற்றையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

● உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் வைரஸையே பழக்கி மெலனோமா என்ற தோல் புற்றின் கட்டிக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். கட்டியை உடைத்துக்கொண்டு, காவல் செல்களையும் கூவி அழைக்கும். 2015 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

● 1922-இல் லெவான்டோவ்ஸ்கி, லுட்ஸ் இருவரும் விவரித்த ஒரு பரம்பரை நோயில் உடம்பெங்கும் மருக்களும் திட்டுகளும் முளைக்கும். நம் எல்லோருடைய தோலிலும் தங்கக்கூடிய சாதுவான பாப்பிலோமா வைரஸ் வகைகளே காரணம். அவர்களின் தோல் செல்லுக்குள் அந்த வைரஸை அடக்கும் பூட்டு மட்டும் இல்லை; அந்த மரபணுப் பழுது 2002-இல் தெரியவந்தது. வெயில் படும் இடங்களில் அந்தத் திட்டுகள் பிற்பாடு புற்றாகின்றன. மற்றக் கிருமிகளை அவர்கள் உடம்பு நன்றாகவே எதிர்க்கிறது.

● வெயில் தோலைக் கருக்குவதோடு நிற்பதில்லை, காவலையும் மயங்கவைக்கிறது. 1970களில் மார்கரெட் கிரிப்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், புறஊதாக் கதிரால் எலிகளுக்கு வந்த தோல் கட்டியை நல்ல எலிக்கு ஒட்டினார். அது கட்டியை உதறித் தள்ளியது. முன்பே கதிர் பட்ட எலிக்கு ஒட்டினார், கட்டி வளர்ந்தது. இந்த மயக்கத்தை அளவறிந்து பயன்படுத்துவதுதான் சோரியாசிஸுக்கான ஒளிச் சிகிச்சை. 311 நானோமீட்டர் கதிரை நொடிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள்.

● 2016-இல் சிங்கப்பூரில் புரூனோ ரெவர்சாட் குழு ஒரு மரபணுவைப் பிடித்தது: என்.எல்.ஆர்.பி.-1. மேல்தோல் செல்லின் தீயணைப்பு மணி போன்றது. அது ஓயாமல் அடிக்கும்படி பழுதான குடும்பங்களில் தோல் அழற்சியும் வந்தது, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புற்றும் வந்தது. வீர்கோ சொன்னதற்கு ஒற்றை மரபணுவில் சாட்சி.

● ஆறாத புண், அழுந்திய தழும்பு, ஓயாத உராய்வு. கருந்தோல் உள்ள நம் மக்களுக்குத் தோல் புற்று வெயிலால் மட்டுமல்ல, இந்த வழியிலும் வருகிறது. காஷ்மீரத்தில் குளிருக்குக் கனல் நிரப்பிய காங்ரிச் சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்வார்கள். அடிவயிற்றிலும் தொடையிலும் சூடு பட்ட இடத்தில் புற்று வருவதுண்டு. 1945-இல் பம்பாயின் கனோல்கரும் சூர்யாபாயும் ‘வேட்டிப் புற்று’ என ஒன்றை எழுதினார்கள். நாள் முழுக்க இறுக்கிக் கட்டிய இடுப்புக் கோட்டில் தோல் கறுத்து, தடித்து, வெடித்து, கடைசியில் புற்று. இன்று அதே இடம் பெண்களின் பாவாடை நாடாவுக்கு. அம்மாவின் இடுப்பில் கறுத்த வளையம் இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி தைத்துக்கொண்டால், கட்டும் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினால், தோலுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த வளையத்தில் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

● 1868. பெர்லினில் 21 வயது மருத்துவ மாணவன் பால் லாங்கர்ஹான்ஸ் தோல் துண்டுக்குப் பொன்குளோரைடு சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தான். கிளை விரித்த செல்கள் கறுப்பாகத் தெரிந்தன. நரம்பு என்று எழுதினான். அவை நரம்பல்ல, மேல்தோலின் காவல் செல்கள் என்று தெளிய நூறாண்டுக்கு மேல் ஆனது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளைக் கண்டவரும் இவரேதான். காசநோயால் நலிந்து, போர்ச்சுகலின் மதேரா தீவில் 1888-இல், 40 வயதில் காலமானார். அவர் பெயரிலேயே ஒரு நோயும் இருக்கிறது. அந்தச் செல்களைப் போன்றவை பெருகி, குழந்தையின் உச்சந்தலையில் விடாத பொடுகு போலப் படரும். அழற்சியா, புற்றா என்று பல தலைமுறையாக வழக்கு நடந்தது. 2010-இல் பாதிக்கு மேற்பட்டோரின் செல்களில் மெலனோமாவில் காணும் பி.ராஃப் மரபணுப் பிறழ்வையே கண்டார்கள். இரண்டும்தான் என்று தீர்ப்பு.

● நம் தோலில் சாதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாக்டீரியாவின் ஒரு வகை, கட்டிச் செல்கள் டி.என்.ஏ. நகலெடுப்பதைத் தடுக்கும் பொருளைச் சுரக்கிறது. அது பூசிய எலிகளில் புறஊதாக் கதிரால் வரும் கட்டிகள் குறைந்தன. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 2018-இல் கண்டது.

● படர்தாமரைக்கு மருந்துக்கடையில் ‘ஒரு களிம்பு கொடுங்க’ என்று கேட்டால் கைக்கு வருவது பலநேரம் ஸ்டீராய்டு, பூஞ்சைமருந்து, ஆண்டிபயாடிக் மூன்றும் கலந்த குழாய். தடவிய அன்றே அரிப்பு நிற்கும். காரணம், ஸ்டீராய்டு காவலைத் தூங்கவைத்துவிட்டது. சிவப்பு மங்கும், அடியில் பூஞ்சை விரியும். இரண்டு வாரத்தில் வளையத்துக்குள் வளையமாக, இடுப்பிலிருந்து முதுகு வரை போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் அதே துண்டில் பரவும். கடந்த பத்தாண்டுகளில் இந்தியாவில் படர்தாமரை இப்படி அடங்காத நோயாகியது. மருந்துக்கு மசியாத அந்தப் பூஞ்சைக்கு 2020-இல் ‘இண்டோட்டினியே’ என்று நம் நாட்டின் பெயரே வைத்தாகிவிட்டது. 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. குழாயைத் திருப்பிப் பாருங்கள். ‘குளோபெட்டசால்’, ‘பீட்டாமெத்தசோன்’ என்று இருந்தால், டாக்டர் எழுதித் தராமல் தடவ வேண்டாம். முகத்தில் வேண்டவே வேண்டாம்.

● பிலிப்பைன்ஸில் 2008-இல் வெளியான ஆய்வு: எக்ஸிமாத் தோலில் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவியவர்களிடம் சீழ்க்கிருமி, ஆலிவ் எண்ணெய் தடவியவர்களைவிட நன்றாகக் குறைந்தது. நம் பாட்டிமார் குளித்த ஈரம் காயுமுன் தடவச் சொன்னது நினைவுக்கு வருகிறது.

● வலிப்பு மாத்திரையோ, கீல்வாத மாத்திரையோ, சல்ஃபா மாத்திரையோ தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், வாய்ப்புண், கண்சிவப்பு, தோலில் வலியோடு செந்திட்டு என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர் ஆலன் லயல் 1956-இல் பெயரிட்ட நோய் அது. தோல் வெந்தது போலத் தகடு தகடாகக் கழலும்; 30 சதவீதத்துக்கு மேல் கழன்றால் மிகக் கடுமை. கிருமியைத் துளைக்க வைத்திருக்கும் கிரானுலைசின் என்ற புரதம் சொந்தத் தோல் செல்களையே துளைக்கிறது என்று 2008-இல் தைவான் ஆய்வாளர்கள் கொப்புள நீரில் கண்டார்கள்.

தோல் கழன்ற இப்படிப்பட்டவர்களை, பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் வந்தவர்களை, தீக்காயம் பட்டவர்களை நம் ஊர் மருத்துவமனைகளில் வாழை இலையில் படுக்கவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மும்பையில் தீக்காயங்களுக்கு வாழை இலைக் கட்டுப் போட்டு ஆராய்ந்து 2003-இல் மருத்துவ இதழிலும் எழுதியிருக்கிறார்கள். காலையில் செவிலியர் புது இலையைத் துடைத்து, தண்டைச் சீவித் தட்டையாக்கி விரிப்பார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நோயாளியை மெல்லப் புரட்டுவார்கள். துணியாக இருந்தால் புண்ணின் பொருக்கையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். இலை ஒட்டாமல் நழுவி வரும். அதன் மெழுகுப் பரப்பின் மேல் ஊனீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும்.